எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

“ஒரு மணி நேரம் படம் நல்லாத்தான் போச்சு தோழர். குதிரை வந்ததும் டைரக்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு.”

பூட்ஸ் ரைலி இயக்கிய ‘சாரி டு பாதர் யூ’ படத்தை ஒரு திரைப்படக் கழகத்தில் பார்த்து முடித்ததும் எங்கள் காதில் விழுந்த முதல் விமர்சனம் இது. சொன்னவர் நல்ல மனிதர். நிறையப் படிப்பவர், நம் கூட்டங்களுக்கு வருபவர். அவரை அடுத்துப் பேசியவர்களும் ‘வித்தியாசமான படம்’, ‘செம ட்ரிப்’, ‘அபத்த நாடக மரபு’ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அரசியலைக் கொஞ்சம் குறைத்திருந்தால் உலகத்தரம் என்றார் ஒருவர். படம் எதைப் பற்றியது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு டீ குடிக்கக் கலைந்தார்கள்.

அங்கே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சில மாதங்கள் கழித்து, நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் அதே படத்தைப் போட்டோம். பதினெட்டு வயது தாண்டியவர்கள் மட்டும் இருபது பேர் இருப்பார்கள். ஆங்கிலம் என்பதால் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே போனோம். அன்றைக்குத்தான் எங்களுக்குப் பதில் கிடைத்தது. கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறோம். முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரம். கேஷியஸ் கிரீன் என்ற கறுப்பின இளைஞன் மாமாவின் கார் கொட்டகையில் குடியிருக்கிறான். நாலு மாத வாடகை பாக்கி. பெட்ரோல் பங்கில் ‘நாற்பது’ என்று சொல்லிவிட்டு நாற்பது சென்ட் சில்லறையை வைக்கிறான். காரின் வைப்பரைக் கயிறு கட்டிக் கையால் இழுக்கிறான். தொலைபேசியில் பொருள் விற்கும் ரீகல்வியூ என்ற கம்பெனியில் வேலை கிடைக்கிறது. யாரை அழைத்தாலும் போனை வைத்துவிடுகிறார்கள். பக்கத்து மேசையில் இருக்கும் பெரியவர், டேனி குளோவர் நடித்த பாத்திரம், ஒரு வித்தை சொல்லிக் கொடுக்கிறார்: வெள்ளைக்காரன் குரலில் பேசு.

பேசுகிறான். வாயைத் திறந்தால் உண்மையிலேயே வேறொரு வெள்ளை நடிகரின் குரல் வருகிறது. விற்பனை கொட்டுகிறது. கீழ்த்தளத்துத் தொழிலாளர்கள் சங்கம் கட்டி வேலைநிறுத்தம் செய்யும் நேரத்தில் இவனுக்குப் பதவி உயர்வு வருகிறது. தங்க நிற லிஃப்டில் ஏறி மேல்தளத்துக்குப் போகிறான். அங்கே விற்பது ஆயுதமும் அடிமை உழைப்பும். அந்த உழைப்பைத் தரும் கம்பெனியின் பெயர் வொர்ரிஃப்ரீ, அதாவது ‘கவலையில்லை’. ஆயுளுக்கும் ஒப்பந்தம், சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும் உண்டு, வேலை செய்யும் இடத்திலேயே வாழ வேண்டும். அதன் முதலாளி ஸ்டீவ் லிஃப்ட் வீட்டு விருந்தில் கழிவறையைத் தேடிப் போகும் கேஷியஸ் தவறான கதவைத் திறக்கிறான். உள்ளே பாதி மனிதன், பாதி குதிரையாக மாற்றப்பட்ட தொழிலாளிகள் வலியில் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

திரைப்படக் கழக நண்பருக்குக் கிறுக்காகத் தெரிந்த இடம் இதுதான்.

இப்போது எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருவோம். படத்தின் தொடக்கத்திலேயே தொலைக்காட்சியில் வொர்ரிஃப்ரீ விளம்பரம் ஒன்று ஓடும். அடுக்குக் கட்டில்கள் நெருக்கிப் போட்ட பெரிய கூடத்தில் குடும்பங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். திரைப்படக் கழகத்தில் அந்த விளம்பரத்துக்கு நல்ல சிரிப்பு. எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, இது எங்க மில்லு ஆஸ்டல் மாதிரியே இருக்கு.”

அவள் பத்தாவது முடித்ததும் மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் மூன்று வருடம் இருந்தவள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு அழகான பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். அதுவரை மில் வளாகத்துக்குள்ளேயே தங்கல். வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் அனுமதி. இடையில் நின்றுவிட்டால் மொத்தப் பணம் கைக்கு வருமா என்பதே சந்தேகம். இந்த முறையில் வேலைக்குப் போன பெண்பிள்ளைகளில் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. சட்டத்தில் ஒழிந்தது, விளம்பரத்தில் புதுப்பெயர் வாங்கிக்கொண்டது. அமெரிக்காவிலும் கதை வேறல்ல. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது சட்டத் திருத்தமே, குற்றத்துக்கான தண்டனை என்றால் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது.

ஆக, குதிரை வந்ததும் படம் கிறுக்காகிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நாங்கள் ஒன்றே ஒன்று கேட்கிறோம். குதிரை வருவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் உங்களுக்கு இயல்பாகவா இருந்தது? சம்பளமே இல்லாமல் ஆயுள் முழுக்க உழைக்க ஒருவன் கையெழுத்துப் போடுகிறான். அதைத் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டு விற்கிறார்கள். அவன் உழைப்பை இன்னொருவன் தொலைபேசியில் கிலோ கணக்கில் விற்பதுபோல் விற்கிறான். இதெல்லாம் நடக்கும்போது நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து ரசித்தீர்கள். குதிரை உடம்பு தெரிந்த பிறகுதான் ‘இது கொஞ்சம் ஓவர்’ என்று நிமிர்ந்தீர்கள். மனிதனை மிருகமாக்கும் கணக்கு முதல் காட்சியிலேயே தொடங்கிவிட்டது. உடம்பில் தெரிந்தது மட்டும்தான் பின்னால்.

அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களின் சொத்துப் பட்டியல்களில் அடிமை மனிதர்களின் பெயர்கள் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பக்கத்தில், விலையோடு எழுதப்பட்டன. அந்தப் பட்டியலை எழுதியவன் பைத்தியக்காரன் இல்லை. கணக்குப்பிள்ளை. ரைலி செய்திருப்பது அந்தக் கணக்குப்புத்தகத்தை அப்படியே திரையில் விரித்ததுதான். படத்தில் ஸ்டீவ் லிஃப்ட் பதறிப்போய் விளக்கும் இடம் ஒன்று உண்டு. மனிதனைக் குதிரையாக்கியது வெளியே தெரிந்துவிட்டதே என்று அவன் வெட்கப்படவில்லை. காரணமில்லாமல் செய்யும் கிறுக்கன் என்று கேஷியஸ் தன்னை நினைத்துவிடக்கூடாதே என்பதுதான் அவன் கவலை. குதிரை உடம்பு அதிகம் உழைக்கும், அதிக லாபம் தரும். இவ்வளவு எளிய காரணம் இருக்கும்போது இது எப்படிக் கிறுக்காகும்? எங்கள் பிள்ளைகள் சிரித்த இடம் அது. அவர்களுக்குத் தெரியும். கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிற மேஸ்திரிகளையும் மேலாளர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் படம் நம்மை இழுப்பது அதன் விசித்திரத்தால் என்று சொன்னால் அது பாதி உண்மை. நாம் தினமும் பார்த்துப் பழகிப்போன ஒன்றைப் பழக்கமில்லாததாக மாற்றிக் காட்டுகிறது, அதனால் இழுக்கிறது.

அந்த வெள்ளைக் குரலையே எடுத்துக்கொள்வோம். மூக்கால் பேசுவதல்ல வெள்ளைக் குரல் என்கிறார் அந்தப் பெரியவர். கடன் எல்லாம் கட்டியாயிற்று, நாளையைப் பற்றிக் கவலை இல்லை, வேலை போனாலும் ஒன்றும் ஆகாது என்பவன் பேசும் குரல் அது. வெள்ளைக்காரர்களே அப்படிப் பேசுவதில்லை, அப்படித்தான் தாங்கள் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் அவர் சொல்லும்போது, சமூகவியல் வகுப்பில் இரண்டு வருடம் நாங்கள் படித்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நம் வட்டத்துத் தம்பி ஒருவன் சென்னையில் கால் சென்டரில் வேலை பார்த்தவன். அமெரிக்க வாடிக்கையாளருக்காக அவனுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஷிப்ட் முழுக்க அந்தப் பெயர், அந்த உச்சரிப்பு. அவன் சொன்னது இது: “அக்கா, எனக்கு இங்கிலீஷ் ஆக்சென்ட் கத்துக்கறது கஷ்டமாவே இல்ல. ஏற்கெனவே ஒண்ணு கத்துக்கிட்டுத்தான வந்தேன்.” எதைச் சொல்கிறான் என்று எங்களுக்குப் புரிந்தது. கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரமே தெருப்பேச்சை விழுங்கி, ஊர் எது என்று கேட்டால் காலனி பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுன் பெயரைச் சொல்லி, வாடகைக்கு வீடு கேட்டுப் போன் செய்யும்போது குரலை மாற்றி வாழ்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? கேஷியஸின் வாயிலிருந்து வேறொருவன் குரல் வருவதைப் பார்த்துத் திரைப்படக் கழகம் ‘என்னவொரு சர்ரியல் கற்பனை’ என்று வியந்தது. நம் பிள்ளைகளுக்கு அது செய்திப்படம்.

அந்தக் குரல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் படம் காட்டுகிறது. மேல்தளத்தில் எல்லோரும் எப்போதும் வெள்ளைக் குரலில்தான் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் லிஃப்ட் வீட்டு விருந்தில் அதே வெள்ளைக்காரர்கள் கேஷியஸைச் சூழ்ந்துகொண்டு ‘நீ கறுப்பன்தானே, ராப் பாடு’ என்கிறார்கள். அவனுக்குப் பாடத் தெரியாது. விடவில்லை. கடைசியில் கறுப்பின மக்களை இழிவுசெய்யும் அந்த ஒரு வசைச்சொல்லையே தாளத்தோடு திரும்பத் திரும்பக் கத்துகிறான். கூட்டம் பரவசத்தில் கூடச் சேர்ந்து கத்துகிறது. வேலை நேரத்தில் அடையாளத்தை மறை, பொழுதுபோக்கு நேரத்தில் அதை எடுத்துக் காட்டு. இரண்டையும் கேட்பவர்கள் ஒரே ஆட்கள்.

இந்தக் காட்சியில் எங்களுக்கு உடம்பு கூசியதற்கு வேறு காரணமும் இருக்கிறது. கருத்தரங்குகளுக்கு எங்களை அழைக்கிறார்கள். ஆய்வறிக்கை எழுதியிருக்கிறோம், சட்டம் படித்திருக்கிறோம், நிவாரணத்தொகை எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்குகிறது என்று கணக்கோடு போகிறோம். பேசி முடித்ததும் முதல் கேள்வி, “உங்க சொந்த அனுபவத்துல இருந்து ஏதாவது சொல்லுங்களேன்.” அழுதால் கைதட்டுவார்கள். கணக்குச் சொன்னால் கைக்கடிகாரம் பார்ப்பார்கள். ஒடுக்கப்பட்டோரின் கலையிடமும் இதே எதிர்பார்ப்புதான். உருக்கமாக இரு, யதார்த்தமாக இரு, அடிவாங்கிய உடம்பைக் காட்டு. பகடியும் கனவும் பைத்தியக்காரத்தனமும் எங்கள் பங்கு, சாட்சியம் மட்டும் உங்கள் பங்கு. கலையில் போட்டுவைத்த ஊர்-சேரிப் பிரிவினை இது. ரைலி அந்தக் கோட்டைத் தாண்டி வந்து ஊர் நடுவில் நின்று சிரிக்கிறார். அதுதான் பலருக்கு உறுத்துகிறது.

நம் பக்கத்திலிருந்தும் ஓர் எதிர்ப்பு வந்தது. அதை மறைக்கவேண்டியதில்லை. மூத்த தோழர் ஒருவர் கோபமாகவே கேட்டார்: “ஊர்ல நம்ம ஆளுங்களை வெட்டிக்கிட்டு இருக்கான். நீங்க குதிரைப் படம் போட்டுச் சிரிச்சிக்கிட்டு இருக்கீங்களா?” அவர் கேள்வியில் நியாயமில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவர் எத்தனை பிணவறை வாசலில் நின்றவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவரைப் போன்றவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. படத்தின் கடைசிப் பகுதி எங்களைப் போன்ற களப்பணியாளர்களின் கன்னத்தில்தான் அறைகிறது.

குதிரை மனிதர்களைக் கண்ட கேஷியஸ் என்ன செய்கிறான்? நாம் செய்வதையேதான். ஆதாரம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, உலகத்துக்குத் தெரிந்தால் போதும், எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறான். அதற்காக மனிதர்களை அடித்து அவமானப்படுத்தும் கேவலமான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்டு, அடிவாங்கி, அந்த வீடியோவை நாடு முழுக்கக் காட்டுகிறான். அடுத்து என்ன நடக்கிறது? வொர்ரிஃப்ரீயின் பங்குவிலை ஏறுகிறது. அறிவியல் சாதனை என்று ஸ்டீவ் லிஃப்டைக் கொண்டாடுகிறார்கள்.

அந்த இடத்தில் எங்கள் அறையில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உண்மை அறியும் குழு அமைத்து, போய், பார்த்து, படம் எடுத்து, அறிக்கை அடித்து, பத்திரிகையாளர் மன்றத்தில் வெளியிட்டு வீட்டுக்கு வந்து படுத்த இரவுகள் எத்தனை! மறுநாள் நாலாம் பக்கத்தில் நாலு வரி. வெட்டு வாங்கிய உடம்பின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைச் சிலர் கண்ணீரோடு பார்க்கிறார்கள். சிலர் பெருமையோடு பகிர்கிறார்கள், சாதிப்பாட்டுப் போட்டு. குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீனில் வரும்போது மாலை. வெளிச்சம் போட்டுக் காட்டினால் அநீதி ஓடிவிடும் என்பது அநீதி வெட்கப்படும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அது வெட்கப்படாது. சில நேரம் வெளிச்சத்தில் அதன் பங்குவிலை ஏறும்.

சங்கம் கட்டும் ஸ்குவீஸ் என்ற பாத்திரம் இதற்குக் காரணம் சொல்கிறான். பிரச்சினையைக் காட்டிவிட்டு, அதை மாற்ற வழி இருக்கிறது என்று காட்டாவிட்டால், மக்கள் அந்தப் பிரச்சினைக்குப் பழகிக்கொள்வார்கள் என்பது அவன் பேச்சின் சாரம். களப்பணிப் பயிற்சி முகாம்களில் முதல் பாடமாக வைக்க வேண்டியது இது. படத்தில் கம்பெனியை அசைத்தது வீடியோ இல்லை. வாசலில் தொழிலாளர்கள் கைகோத்து நின்றதும், அடைத்து வைத்திருந்த குதிரை மனிதர்கள் வெளியே வந்து போலீஸ் வரிசையை உடைத்ததும்தான் அசைத்தது. ஆவணப்படுத்துவதை நிறுத்தச் சொல்லவில்லை நாங்கள். நீதிமன்றத்துக்கு அது வேண்டும், வரலாற்றுக்கும் வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று படுத்துவிடாதீர்கள் என்கிறோம். எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம்.

இந்தத் தெளிவு ரைலிக்கு ஆகாயத்திலிருந்து வரவில்லை. அவர் ஓக்லாந்துக்காரர், ‘தி கூப்’ என்ற ராப் குழுவை நடத்தியவர், தானே தொலைபேசி விற்பனை வேலை பார்த்தவர். 1946இல் பொது வேலைநிறுத்தம் கண்ட நகரம் அது. 1966இல் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கிய நகரம். 2011இல் ஆக்குபை இயக்கத்தின்போது துறைமுகத்தை மூடவைத்த நகரம், அந்தப் போராட்டத்தில் ரைலியும் இருந்தார். படத்தின் திரைக்கதையை எழுதிவிட்டுப் பணம் கிடைக்காமல் 2012இல் அதே பெயரில் இசைத்தொகுப்பாக வெளியிட்டார். 2014இல் திரைக்கதை அச்சில் வந்தது. 2018இல்தான் படம் வந்தது. ‘கிறுக்கு’ என்று போகிறபோக்கில் சொல்லப்படும் இந்தப் படம் இத்தனை வருடம் ஒரு மனிதன் விடாமல் சுமந்த வேலை.

ஓக்லாந்து நமக்குத் தூரத்து ஊரும் இல்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தபோது பெயரை எடுத்தது ஓக்லாந்திலிருந்து. பெயர் வாங்கிய ஊரிலிருந்து ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு?

படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். டெஸ்ஸா தாம்ப்சன் நடித்த டெட்ராய்ட் என்ற கலைஞர் பாத்திரம் நாயகனின் மனசாட்சியாக நிற்பதற்கே அதிகம் பயன்படுகிறது. கேஷியஸின் குரலுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட அந்தத் தளத்தில் போன் பேசும் பெண்களின் குரலுக்குக் கிடைக்கவில்லை. படம் முடிந்ததும் மில்லில் இருந்த அந்தப் பெண் கேட்டாள்: “அக்கா, குதிரையாக்குனவங்கள்ல பொம்பளைங்க இல்லையா?” ரைலியிடம்தான் கேட்க வேண்டும். நியாயமான கேள்வி.

ஆனால் அவள் இன்னொன்றும் கேட்டாள். “அந்த மில்லுல வேலை பார்த்த நாங்க எல்லாரும் ஒருநாள் கேட்டைத் தாண்டி வெளியே வந்து நின்னிருந்தா என்னக்கா ஆயிருக்கும்?”

திரைப்படக் கழகத்தில் யாரும் கேட்காத கேள்வி. அடுத்த வாரம் படிப்பு வட்டத்தில் படம் கிடையாது. அவளோடு அதே மில்லில் இருந்து திரும்பிய மற்றப் பெண்களையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம். அந்தக் கேள்வியை அங்கே எடுக்கிறோம்.